ப்ரீன் வீட்டு நோட்டும் மர்ஃபி வீட்டு மருமகளும்

கடிதம் எழுதும் தாள் எட்டை மடித்து, ஓரம் நறுக்கி, 32 பக்கம் வரும்படி செய்த நோட்டு அது. 29 பக்கங்களில் எழுத்து இருக்கிறது. 1846 நவம்பர் 20-இல் தொடங்கி 1847 மார்ச் 1-இல் முடிகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, பனி எத்தனை அடி ஏறியது, விறகு வெட்ட யாருக்குத் தெம்பு இருந்தது, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு நாளைக்கு ஓரிரு வரி. எழுதியவர் பேட்ரிக் ப்ரீன். அயர்லாந்தில் பிறந்து, அயோவாவில் விவசாயம் பார்த்துவிட்டு, மனைவி மார்கரெட்டையும் ஏழு பிள்ளைகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியவர்.

டானர் குழு என்று அமெரிக்க வரலாற்றில் பெயர் வாங்கிய 87 பேரில் இவர்கள் ஒன்பது பேர். குறுக்குவழி என்று நம்பிப் போன பாதையில் வாரக்கணக்கில் நேரம் போனது. சியரா நெவாடா மலையடிவாரத்துக்கு வருவதற்குள் அந்த ஆண்டுப் பனி முந்திக்கொண்டது. ஏரிக்கரையிலேயே அடைபட்டார்கள். மாட்டைத் தின்றார்கள், பிறகு மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உலகம் திரும்பத் திரும்பப் பேசுகிறது. இங்கே அதற்கு இடம் தேவையில்லை. குழுவில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பிழைத்தார்கள். பெரிய குடும்பங்களில் ஓர் உயிரும் போகாமல் தப்பியவை இரண்டுதான்: ப்ரீன் குடும்பம், ரீட் குடும்பம்.

ப்ரீன் தங்கிய குடில் அவர் கட்டியதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1844-இல், அதே மலையை முதன்முதலில் வண்டிகளோடு தாண்டிய இன்னொரு குழு விட்டுப்போனது அது. அந்தக் குழுவில் பாதிப் பேர் மர்ஃபி குடும்பத்தாரும் அவர்களோடு சம்பந்தம் செய்துகொண்டவர்களும். மலைக்கு இப்புறம் விட்டுப்போன வண்டிகளுக்குக் காவலாக மூன்று பேர் அந்தக் குடிலைக் கட்டினார்கள். பனி பார்த்துப் பயந்து இரண்டு பேர் கிளம்பிப் போய்விட, பதினேழு வயது மோசஸ் ஷாலன்பெர்கர் மட்டும் நரி பிடித்துத் தின்றுகொண்டு, கூட்டத்தில் யாரோ கொண்டுவந்திருந்த புத்தகங்களைப் படித்துக்கொண்டு, தனியாகக் குளிர்காலத்தை ஓட்டினான். அந்தக் கூரைக்குக் கீழேதான் ப்ரீனின் நோட்டு எழுதப்பட்டது.

1847 ஜனவரியில் ரீட் வீட்டம்மாவும் மூத்த பெண் வர்ஜீனியாவும் மலையேறப் போய், முடியாமல் திரும்பி வந்து, பிள்ளைகளோடு ப்ரீன் குடிலில் அண்டினார்கள். வீட்டுக்காரர் ஜேம்ஸ் ரீட் கூட இல்லை. வழியில் நடந்த கைகலப்பில் ஒருவர் செத்துப்போக, குழு அவரைத் தள்ளிவைத்திருந்தது. அவர் முன்னாலேயே மலை தாண்டிப் போயிருந்தார். வர்ஜீனியாவின் கால்விரல் கொஞ்சம் உறைந்துவிட்டதை ப்ரீன் அப்போது குறித்துவைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கால்விரல் அளவுக்கு நோட்டில் செய்தி இருக்கிறது. தன் மனசில் ஓடியதைப் பற்றி அநேகமாக எதுவும் இல்லை. ராத்திரியில் ப்ரீன் வீட்டார் வாய்விட்டுச் சொன்ன கத்தோலிக்க ஜெபத்தைக் கேட்டுக்கேட்டு, பிழைத்தால் நானும் கத்தோலிக்கராகிறேன் என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் வேண்டிக்கொண்டாள். நோட்டின் கடைசிக் குறிப்பு எழுதிய மார்ச் 1 அன்றுதான் ஜேம்ஸ் ரீட் மீட்புக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். ப்ரீன் குடும்பம் கிளம்பிய சில நாளில் மலைமேல் புயலில் மாட்டிக்கொண்டு மறுபடி சாகக் கிடந்தது. அந்த நாட்களைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லை.

மலையிறங்கிய நோட்டு ப்ரீன் வீட்டில் தங்கவில்லை. மலைக்கு அப்புறம் இருந்த சட்டர் கோட்டையில் ஷெரீஃபாக இருந்தவரும் மீட்பு ஏற்பாடுகளைக் கவனித்தவருமான ஜார்ஜ் மெக்கின்ஸ்ட்ரியின் கைக்குப் போனது. 1847 மே 22-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘கலிஃபோர்னியா ஸ்டார்’ பத்திரிகை அதை அச்சிட்டது. ஆசிரியர் சும்மா இருப்பாரா? எழுத்துப்பிழையைத் திருத்தினார், வாக்கியத்தைச் சீவினார், வேண்டாததென்று பட்டதை எடுத்தார். அந்தத் திருத்திய பாடம்தான் அடுத்தடுத்த புத்தகங்களுக்குப் போனது. அசலை அப்படியே அச்சில் பார்க்க 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை நோட்டு எங்கே இருந்தது? மெக்கின்ஸ்ட்ரி தன் காகிதங்களோடு அதை 1870களில் ஹியூபர்ட் ஹோவ் பேன்கிராஃப்டிடம் கொடுத்தார். பேன்கிராஃப்ட் சான் ஃபிரான்சிஸ்கோவின் பெரிய புத்தக வியாபாரி. கலிஃபோர்னியா வரலாறு எழுதுகிறேன் என்று இறங்கி, ஊர் ஊராக ஆள் அனுப்பிக் காகிதம் சேர்த்தார், கிழவர்களைப் பேசவைத்து எழுதியெடுத்தார். ப்ரீனின் மூத்த மகன் ஜானும் 1877-இல் தன் நினைவுகளை அவருக்காகச் சொல்லி எழுதவைத்தார். 1881-இல் இதையெல்லாம் நகரின் கடைத்தெருவிலிருந்து அப்புறப்படுத்தி, வலென்சியா தெருவில் தனியாகக் கட்டிய செங்கல் கட்டடத்தில் வைத்தார் பேன்கிராஃப்ட். தீக்குப் பயந்து செய்த வேலை. 1886-இல் மார்க்கெட் தெருவிலிருந்த அவருடைய வியாபாரக் கட்டடம் எரிந்து சாம்பலானது; நூலகம் தப்பியது. 1905 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அந்த நூலகத்தை 2,50,000 டாலருக்கு வாங்கியது. அதில் 1,00,000 டாலரை அவரே நன்கொடையாகத் தந்தார். அடுத்த ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவைப் பூகம்பம் உலுக்கியது, தீ மூன்று நாள் நகரத்தைத் தின்றது. வலென்சியா தெருக் கட்டடம் அப்போதும் நின்றது. மே மாதத்தில் எல்லாம் வளைகுடாவைத் தாண்டி பெர்க்லிக்குப் போய்ச் சேர்ந்தது. பனியில் எழுதிய நோட்டு இரண்டு தீயைப் பார்த்துவிட்டது.

எனக்கு இதில் படுவது ஒன்று. நோட்டு பிழைத்ததற்குக் காரணம் அது சீக்கிரமே குடும்பத்தைவிட்டு வெளியேறியதுதான். வீட்டோடு இருந்திருந்தால் ஏழு பிள்ளைகளில் யாருக்கு என்ற கேள்வி வந்திருக்கும். பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில் அது இன்னும் பெருத்திருக்கும். கொடுத்தவர்களின் காகிதம் நிற்கிறது, பத்திரமாக வைத்துக்கொண்டவர்களுடையது பலசமயம் போய்விடுகிறது. வர்ஜீனியாவே சாட்சி. மீண்டு வந்த கையோடு, 1847 மே 16-இல், இல்லினாயில் இருந்த உறவுக்காரப் பெண் மேரிக்கு அவள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வரிகளுக்கு இடையில் அப்பா ஜேம்ஸ் ரீட் புகுந்து சேர்த்த சேர்க்கைகளோடு இருக்கிறது. பெண் எழுதிய கடிதத்தை அப்பா திருத்தியனுப்பியிருக்கிறார். அதை ஊர்ப் பத்திரிகை இன்னொரு தரம் திருத்தி அச்சிட்டது. கையெழுத்துப் பிரதி தப்பியிராவிட்டால் எது பெண்ணின் குரல், எது அப்பாவின் குரல் என்று பிரிக்க வழியே இருந்திருக்காது.

வைத்துக்கொண்டும் காப்பாற்றியவர்கள் உண்டு. வர்ஜீனியாவின் தங்கை மார்த்தா அப்படி. அப்பா காலத்துக் காகிதமெல்லாம் கடைசியில் அவள் கைக்கு வந்தது. ஜேம்ஸ் ரீட் 1832-இல் பிளாக் ஹாக் போரில் ஜேக்கப் ஏர்லியின் படைப்பிரிவில் இருந்தவர். அதே பிரிவில் ஆபிரகாம் லிங்கனும் சாதாரணச் சிப்பாய். அந்தப் படையின் ஆள்பட்டியல் ரீட் வீட்டு மூட்டையில் மலை தாண்டி வந்திருக்கிறது. தின்னத் தோல் தேடிய இடத்தில் பதினான்கு வருஷத்துப் பழைய காகிதத்தை யாரோ எறியாமல் வைத்திருந்திருக்கிறார்கள். கூடவே மார்த்தா உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த விரல்நீள மரப்பாச்சி. காகிதமும் பொம்மையும் இன்று சேக்ரமென்டோவில், சட்டர் கோட்டையின் சேகரிப்பில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் வந்தது ரீட் என்ற பெயரில் அல்ல. மார்த்தா 1856-இல் ஃபிராங்க் லூயிஸை மணந்தவள். அவள் பிள்ளைகள் லூயிஸ்கள். பிறந்த வீட்டுக் காகிதம் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போய், புகுந்த வீட்டுப் பெயரில் வெளியே வந்தது.

முன்னோடிக் குடும்பங்களின் காகிதத்தைத் தேடுகிறவர்களை இதுதான் திண்டாடவைக்கிறது. வெள்ளையர் குடியேற்றம் தொடங்கிய நாளில் கலிஃபோர்னியாவில் பெண்கள் சொற்பம். வந்து இறங்கிய குடும்பத்துப் பெண்களுக்கு உடனே வரன் வந்தது. வர்ஜீனியா 1850 ஜனவரியில், பதினாறு வயதில், ஜான் மர்ஃபியைக் கல்யாணம் செய்தாள். 1844-இல் அந்தக் குடிலை விட்டுப்போன கூட்டத்தில் வந்த அதே மர்ஃபி வீட்டுப் பையன். அவளை அண்டவைத்த கூரையும் அவள் புகுந்த குடும்பமும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. வேண்டிக்கொண்டபடி கத்தோலிக்கராகவும் ஆனாள். ஜானின் அக்காள் தங்கைகளில் மேரி, மில்லர் குடும்பத்துக்கு ஏற்கெனவே போயிருந்தாள். எலன், ஸ்டாக்டன் நகரத்தை நிறுவிய சார்ல்ஸ் வெபரை மணந்தாள்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டானர் குழுவிலேயே இன்னொரு மர்ஃபி குடும்பம் இருந்தது, இவர்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. விதவை லெவினா மர்ஃபியும் பிள்ளைகளும். லெவினா ஏரிக்கரையிலேயே இறந்துபோனாள். மகள் ஹாரியட்டின் கணவர் பைக் வழியிலேயே துப்பாக்கி தவறி வெடித்து இறந்திருந்தார். அவள் மலை தாண்டியதும் மைக்கேல் நையை மணந்தாள். இன்னொரு மகள் மேரி முதலில் வில்லியம் ஜான்சனை, பிறகு சார்ல்ஸ் கோவில்லோவை மணந்தாள். மேரிஸ்வில் நகரம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக மர்ஃபி என்று எழுதிய ஒரு கட்டுக் கடிதம் கிடைத்தால் அது எந்த மர்ஃபி? மேரி என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தால் எந்த மேரி? சம்பந்திக் கணக்கு மனப்பாடமாக இல்லாதவர் அந்தக் கட்டைத் தப்பான பெட்டியில் போட்டுவிடுவார். ஆவணக் காப்பகங்களில் கடிதக்கட்டை வந்த வரிசையில் அப்படியே வைக்கச் சொல்வது இதனால்தான். யார் யாரோடு கட்டிவைத்திருந்தார்கள் என்பதே சமயத்தில் உறவுக்குச் சாட்சி. தேதிவாரியாக அடுக்குகிறேன் என்று பிரித்துப்போட்ட நல்லெண்ணக்காரர்கள் நிறையக் கெடுத்திருக்கிறார்கள்.

ரீட் சான் ஹோசேயில் நிலம் வாங்கிப் பகுதி பிரித்தபோது தெருக்களுக்கு வீட்டாரின் பெயரையே வைத்தார். தன் மனைவி மார்கரெட், மகள்கள் வர்ஜீனியா, மார்த்தா, மாமியார் வீட்டுக் கீஸ், மருமகனின் லூயிஸ் எல்லாம் தெருவாக இருக்கின்றன. நகராட்சி வரைபடத்தையே குடும்பமரமாக்கிய மனிதர். காகிதத்துக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை.

புகைப்படத்தின் கதை இன்னும் மோசம். மலையில் கேமரா இல்லை. நாம் பார்க்கும் ப்ரீன், ரீட் முகங்களெல்லாம் பிழைத்து, வசதி வந்து, ஸ்டூடியோவில் உடை திருத்தி உட்கார்ந்த முகங்கள். அந்தக் குளிர்காலத்தின் நேரடித் தடயமாகப் படத்தில் இருப்பவை மரக்கட்டைகள்தான். 1866-இல் லாரன்ஸ் அண்ட் ஹவுஸ்வொர்த் நிறுவனம் வெளியிட்ட படத்தில், டானர் குழு வெட்டியதாகச் சொல்லும் மரங்களின் அடித்தண்டுகள் மனித உயரத்துக்கு மேலே மொட்டையாக நிற்கின்றன. பனிமேல் நின்று வெட்டியதால், அத்தனை உயரத்தில் கோடாரி விழுந்திருக்கிறது.

முகப்படங்களுக்கு அப்படிச் சொந்தச் சாட்சி கிடையாது. கடிதத்தில் கையெழுத்தாவது இருக்கும். படத்தில் முகம் மட்டும்தான். பாட்டிக்குத் தெரியும், அம்மாவுக்குப் பாதி தெரியும், பேத்திக்கு யாரோ. நிபுணர்கள் சின்னச் சின்னப் பிடிகளை வைத்திருக்கிறார்கள். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகட்டுப் படம். ஒட்டாமல் கண்ணாடிக்குள் மினுமினுத்து, சாய்த்தால் முகம் மறைந்து தெரிந்தால் வெள்ளித் தகட்டுப் படம், பெரும்பாலும் 1840, 50களுடையது. அட்டையில் ஒட்டிய சிறு படத்தின் பின்புறம் வரிவில்லை இருந்தால் ரொம்ப நல்லது: உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்ட் வரை புகைப்படத்துக்கு வில்லைவரி போட்டது. தேதி இப்படிப் பிடிபட்டுவிடும். ஆள் பிடிபடமாட்டார். பெயரைப் பின்னால் எழுதிவைத்தால் ஒழிய வேறு வழியில்லை. அதையும் மென்பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். எழுதுவதற்காகப் பசைப்பக்க ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்தால் பாதி அங்கேயே தங்கும். எழுதும்போது பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் இரண்டையும் எழுத வேண்டும். ‘திருமதி மர்ஃபி’ என்று எழுதிய படம் எதற்கும் உதவாது என்று மேலே பார்த்தோம்.

ப்ரீனின் நோட்டும் வர்ஜீனியாவின் கடிதமும் இப்போது பெர்க்லியில் ஒரே நூலகத்தில் இருக்கின்றன. அவள் தங்கை சேர்த்துவைத்தது சேக்ரமென்டோவில். ரீட் குடும்பத்தைத் தேடிப் போகிறவர் லூயிஸ், மர்ஃபி என்ற பெயர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ப்ரீன் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ரீட் வீட்டம்மாவும் பிள்ளைகளும் அந்தக் குளிர்காலத்தில் எப்படி இருந்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதிவைத்தது ப்ரீன் வீட்டுக்காரர்தான்.