நார்மானியர் மண்மேட்டுக் கோட்டைகள்

இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் புல் மூடிய மண்மேடுகள் பல உள. உச்சி தட்டையாய் உயர்ந்த மேடு ஒன்று. அதனையொட்டிக் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம் ஒன்று. இதுவே அவற்றின் பொது அமைப்பு. மேட்டின்மேல் மரக்கோபுரமும், முற்றத்தில் வீரர் உறைவிடங்களும் இருந்தன. மரம் அழிந்தது, மண் எஞ்சியது. இவற்றை எழுப்பினோர் யாவர் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1884-இல் நூல் வெளியிட்ட ஜி. டி. கிளார்க், இம்மேடுகள் பல நார்மானியர்க்கு முற்பட்ட சாக்சானியருடையன என்றார். சாக்சானியர்தம் ஆண்டுக் குறிப்பேடு, அரசர் பல இடங்களில் 'புர்கு' எழுப்பினர் எனக் கூறுகின்றது. அச்சொல்லை அவர் மேட்டுக்கோட்டை எனப் பொருள் கொண்டார்.

ஆர்மிட்டேஜ் அம்மையார் 1912-இல் இக்கருத்தை விரிவாக மறுத்தார். 'புர்கு' என்பது ஊரார் அனைவர்க்கும் காவலாகிய அரண்சூழ்ந்த ஊர்; மேட்டுக்கோட்டையோ தலைவன் ஒருவனும் அவன் படையும் தங்குதற்குரிய சிற்றரண். 'காஸ்டெல்' என்னும் சொல்லோ, அக்குறிப்பேட்டின் 1051-ஆம் ஆண்டுச் செய்தியில் அயலார் எழுப்பிய கோட்டைக்கு வழங்குகின்றது. 1066-இல் ஹேஸ்டிங்ஸில் நார்மானியர் மேடு எழுப்பும் காட்சி, பாயோ நகரத்துச் சித்திரத் தையல் துணியிலும் உள்ளது.

இனி, மண் தரும் சான்றினைக் காண்போம். வேல்ஸ் எல்லையில் உள்ள ஹென் டோமன், வேல்ஸ் மொழியில் 'பழமேடு' எனப் பொருள்படும். மாண்ட்கோமரி ரோஜர் என்னும் நார்மானியத் தலைவன் 1070-களில் எழுப்பிய இக்கோட்டை, 1086-ஆம் ஆண்டு நில அளவை ஏட்டில் இடம்பெற்றது. 1223-இல் மூன்றாம் ஹென்றி அண்மையில் கற்கோட்டை எழுப்பத் தொடங்கியபின் இதன் சிறப்புக் குன்றியது. 1960 முதல் முப்பதாண்டுகட்கு மேலாக பிலிப் பார்க்கர் இங்கு அகழ்ந்தார். பலமுறை புதுக்கப்பெற்ற மரக்கட்டடங்களின் தடங்கள் முற்றத்தில் நெருங்கிக் கிடந்தன. அவற்றிற்கும் அடியில் பழைய உழவுசால்கள் காணப்பட்டன. உழுநிலத்தின்மீதே அரண் எழுந்தது என்பது இதனால் தெளிவாம். கோட்டையை ஏடு குறித்தது. அதன் கீழ்ப்பட்ட வயலை மண்ணே காட்டியது.

எனினும், மேடு அனைத்தும் நார்மானியர் ஆக்கியன அல்ல. மார்ல்பரோ கோட்டைமேடு ஏறத்தாழ கி.மு. 2400-இல் எழுந்தது என 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. நார்மானியர் அதனைத் தம் கோட்டைக்குப் பயன்கொண்டனர்.

ஆகவே, பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லில் ஏற்றுதலும், வடிவொன்றே கொண்டு காலம் துணிதலும் ஒருங்கே பிழையாம். கிளார்க் சறுக்கியது மண்ணில் அன்று, சொல்லில். ஆதலின் இவ்வரலாறு மொழி ஆராய்வார்க்கும் உரியதென்க.