பரோடாவுக்குப் போன சாம்பவர்வடகரைக்காரர்

சுரண்டை பக்கம் சாம்பவர்வடகரைன்னு ஒரு ஊர். 2019 வரைக்கும் நெல்லை மாவட்டம், இப்போ தென்காசி மாவட்டம். அனுமன் நதித் தண்ணி சிற்றாத்துல கலந்து, சிற்றாறு சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில போய்ச் சேரும். அந்த ஊர்ல 1859ல பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சாவூர்க்காரர்னுதான் பலரும் நினைச்சிட்டிருக்காங்க. இல்லீங்க, நம்மாளு!

திண்டுக்கல்லில் வாத்தியார் பயிற்சி, அங்கேயே வயலின் பாடம். அப்புறம் தஞ்சாவூரில் பள்ளிக்கூட வேலை. அதை விட்டுட்டு சித்த வைத்தியத்தில் முழுசா இறங்கினார். மருந்து நல்லா வித்தது, காசு சேர்ந்தது. சேர்ந்த காசை என்ன செய்தார் என்பதுதான் விஷயம். 1912ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் ஆரம்பித்து, தஞ்சாவூரில் சொந்தச் செலவில் வரிசையாக இசை மாநாடுகள் நடத்தினார். வித்வான்களைக் கூப்பிட்டு, சோறு போட்டு, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: ஒரு ஸ்தாயிக்குள் சுருதி எத்தனை?

22 என்பது பரதர், சார்ங்கதேவர் காலத்திலிருந்து வருகிற கணக்கு. பண்டிதர் 24 என்றார். என்னய்யா, ரெண்டு சுருதிக்கு இவ்வளவு ரகளையான்னு தோணும். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஆளைக் கேட்டால் இந்த ரெண்டின் அருமை தெரியும்.

ச-விலிருந்து ப, அந்த ப-வை ச-வாக வைத்து அதற்கு ஒரு ப. இப்படியே 12 தடவை போனால் ஏழு ஸ்தாயி தாண்டி ஆரம்பித்த ச-வுக்கே வந்து நிற்கணும். ஆனா நிற்காது. காதுக்குச் சுத்தமாக இருக்கிற ப, 3/2 என்ற விகிதத்தில் இருக்கும். அதை 12 தடவை அடுக்கினால் கொஞ்சம் தாண்டிப் போயிடும். அரை ஸ்வரத்தை 100 பங்காக்கினால் அதில் 23க்குக் கொஞ்சம் மேலே. பியானோக்காரர் என்ன பண்றார்? ஒவ்வொரு ப-வையும் ரெண்டு பங்கு போல இறக்கி வைக்கிறார். பன்னிரண்டும் சமமாகி வட்டம் மூடிக்கொள்ளும்.

பண்டிதர் வந்து சேர்ந்த இடமும் இதுதான். 3/2 கணக்கில் வட்டம் மூடாது, ஆகவே அது தப்பு என்றார். ஆனால் அவர் பியானோவைக் காட்டிப் பேசவில்லை, சிலப்பதிகாரத்தைக் காட்டினார். வட்டப்பாலையில் 12 ராசி வீடு, வீட்டுக்கு ரெண்டு அலகு, மொத்தம் 24, எல்லாம் சமம். பழந்தமிழர் பாடினது இந்த வட்டத்தில்தான் என்பது அவர் கட்சி.

1916 மார்ச்சில் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு. மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவு, முன்னின்று நடத்தினவர் பாத்கண்டே. தஞ்சாவூரிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பாஷை வேறு, பாட்டு வேறு, ஆட்சியும் வேறு. பிரிட்டிஷ் மாகாணம் இல்லை, தனி சமஸ்தானம். அந்தக் காலத்துக்கு அது பாதி வெளிநாடு. அங்கே பண்டிதர் மகள்கள் மரகதவல்லி, கனகவல்லி ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஊர் சுற்றிக் காட்ட இல்லை. சாட்சி சொல்ல!

22 கட்சியில் கே.பி.தேவல், ஐ.சி.எஸ். அதிகாரி கிளெமென்ட்ஸ் மாதிரி ஆட்கள் இருந்தார்கள். தங்கள் கணக்குக்கு ஏற்ற சுருதி ஆர்மோனியத்தை லண்டனில் செய்ய வைத்தவர்கள். அதாவது அவர்களுக்கு மரப்பெட்டி சாட்சி. பண்டிதருக்கு வீணையும் பெண்பிள்ளைகளின் குரலும். அப்பா கட்டுரை வாசிக்க, மகள்கள் பாடியும் வாசித்தும் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் சபையில் பாடுவதே அபூர்வமாக இருந்த 1916ல், அதுவும் அந்நிய சமஸ்தானத்தில், பண்டிதர்கள் முன்னால். எனக்கு 24ஐ விட இந்தத் துணிச்சல்தான் பெரிசாத் தெரியுது.

கணக்கில் அவர் ஜெயித்தாரா? என் அபிப்பிராயம், இல்லை. சமமாகப் பிரித்தால் அந்தர காந்தாரம், தம்பூரா நாதத்திலேயே கேட்கிற காந்தாரத்தை விட 14 பங்கு மேலே நிற்கும். நல்ல காது அதை உடனே பிடிச்சிடும். பாடகர்களும் சமமான கட்டத்துக்குள் நின்று பாடுவதில்லை, கமகம்னு ஒண்ணு இருக்கே :-) மாநாடும் சுருதிச் சண்டையைத் தீர்க்கலை. இன்னைக்கும் பாடப்புத்தகத்தில் 22 தான். ஆனால் இசைக்கணக்குக்கு சமஸ்கிருத நூல்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் ஒரு இசை இலக்கணம் கிடக்கு பாருங்கன்னு சபை நடுவே எடுத்து வைத்தவர் அவர். பின்னால் விபுலானந்த அடிகள் 1947ல் யாழ் நூல் கொண்டு வந்தபோது அந்தப் பாதை ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது.

பரோடாவுக்கு மறுவருஷம், 1917ல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், தலையணை கனம். 1919ல் பண்டிதர் காலமாகிவிட்டார். ராகங்களைப் பற்றிய ரெண்டாவது புத்தகம் எழுதினபடியே கிடந்தது. அதை 1946ல் அச்சில் கொண்டு வந்தவர், பரோடாவில் பாடிக் காட்டிய அதே மகள் மரகதவல்லி.