கிளட்ச் வழுக்கல் (பழைய டீசல் பிக்கப்)

கிளட்ச் வழுக்கல் என்பது எஞ்சினின் சுழல்விசை கியர்பெட்டிக்கு முழுதாகச் சென்று சேராத பழுது. எஞ்சின் இரையும், வண்டி வேகம் எடுக்காது.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இதற்கு இணையானது டார்க் கன்வர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் பிடிக்காமை. கன்வர்ட்டரில் விசை எண்ணெய் வழியே கடப்பதால் சிறு வழுக்கல் இயல்பு. அதைத் தவிர்க்கும் பூட்டை அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1949இல் கார்களில் கொண்டுவந்தது. சீரான ஓட்டத்தில் பூட்டு விழுந்தால் எஞ்சின் சுழற்சி சற்று இறங்கும், பிரேக்கைத் தொட்டால் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கமே இல்லையென்றால் பிரேக் சுவிட்சையும் வயர்களையும் முதலில் பார்ப்பது சிக்கனம்.

கேரள-தமிழ்நாடு எல்லையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66இல் அந்தச் சோதனைக்கு வேலை குறைவு. அங்கு ஓடும் சரக்கு வண்டிகளான, 1986இல் வந்த டாடா 407, மகிந்திராவின் பொலேரோ பிக்கப் போன்றவை கையால் கியர் மாற்றுபவை.

இத்தகைய வண்டிகளில் கிளட்ச் வழுக்கலின் அறிகுறிகள்: ஏற்றத்தில் கருகல் வாடை, பெடல் மிக மேலே வந்த பிறகே பிடித்தல். கைபிரேக் இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உயர் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அணைய வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் வழுக்கல் உறுதி. அதிகம் சோதித்தால் தகடு மேலும் தேயும்.

பெடலில் தளர்விடைவெளி (ஃப்ரீ பிளே) இல்லாமை, அதிகச் சுமை, தளர்ந்த பிரஷர் பிளேட், கிராங்க் பின்சீல் எண்ணெய்க் கசிவு ஆகியவை காரணங்கள். கசிவை விட்டுவிட்டுத் தகடு மட்டும் மாற்றுவது வீண்செலவு.