மதுரை மின்வரைபடமும் மறைந்த சின்னங்களும்

நகரங்களின் பழஞ்சின்னங்களை இணையவழிப் படமாக வகுக்கும் முயற்சி இக்காலத்தே பல நாடுகளிலும் நிகழ்ந்து வருகின்றது. உரோமை நகருக்கு நொல்லி என்பார் 1748-இல் வெளியிட்ட பெரும்படத்தை ஓரிகன் பல்கலைக்கழகத்தார் 2005-இல் இணையத்தில் ஏற்றிய முயற்சி இதற்கு நல்ல முன்மாதிரியாகும். மதுரைக்கும் அத்தகையதொன்று வேண்டுமெனக் கருதி மாதிரிப் படம் வகுக்கப் புகுந்த யாம், கணிப்பொறியால் அத்துணை இடர்ப்படவில்லை. சின்னம் என்று எதனைக் கொள்வது என்ற வினாவாலேயே பெரிதும் இடர்ப்பட்டோம்.

மின்வரைபடம் ஒவ்வொரு சின்னத்திற்கும் ஒரு புள்ளியை வேண்டுகின்றது. அகலாங்கும் நெட்டாங்குமாகிய இரண்டு எண்களைக் கொடுத்தாலன்றி அது எதனையும் ஏற்பதில்லை. நின்று நிலவும் கோயிலுக்கு இவ்வெண்களைக் கொடுத்தல் எளிது. ஆனால் மதுரையின் மிகப் பெரிய சின்னங்களுள் ஒன்று இன்று நிற்கவில்லை. அதுவே நாயக்கர் கோட்டை. பாண்டியர் கோட்டையை அகற்றி, விசுவநாத நாயக்கர் எழுபத்திரண்டு கொத்தளங்களுடன் எழுப்பியதாகக் கூறப்பெறும் அக்கோட்டையை, 1837 முதலாக மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் இடிப்பித்தார். அகழி தூர்க்கப்பெற்றது, இடிபாடுகளைக் கொண்டு வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அமைக்கப்பெற்றன. பின்னைய இரண்டும் அப்பணியிற் பங்குகொண்ட இருவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆட்சியர் நினைவாக எழுந்த விளக்குத்தூணோ இன்று வெறும் இடப்பெயராக வழங்குகின்றது. ஆங்கு நாள்தோறும் பேருந்து ஏறுவாருள் அதன் காரணம் அறிந்தார் சிலரே. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியுள்ள கொத்தளம் ஒன்றற்கு மட்டும் புள்ளியிட்டு, சுற்றியுள்ள வீதிகளை வாளா விடுவோமாயின், கோட்டை அவ்வளவிற்றே என்று படம் பொய் சொல்லும். ஆதலின் வீதிப்பெயர்களையும் சின்னமாகவே கொண்டு, இழந்த மதிலின் போக்கைக் கோடாகக் காட்டினோம். பெயரைக் கல்லோடு ஒப்பக் கொள்ளலாமோ என்று நண்பர் சிலர் தடை எழுப்பினர். கல் அகன்றுவிட்ட இடத்தில் பெயரினும் மிக்க சான்று யாதுளது?

அரண்மனையின் நிலை சற்று வேறு. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டுவித்த மகால், அவர்தம் பெயரர் சொக்கநாதர் காலத்தே பெரும்பகுதி பெயர்க்கப்பெற்றுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பெற்றது. சென்னை ஆளுநராயிருந்த (1866–1872) நேப்பியர் பெருமகனார் எஞ்சியதைச் செப்பனிடச் செய்தார். இற்றைக்குக் காண்பார் வியக்கும் சொர்க்கவிலாசம் ஒருபுறம் நிற்க, அவ்வரண்மனையின் அரங்கவிலாசப் பகுதியைச் சேர்ந்த பத்துத் தூண்கள் சற்றப்பால் துணிக்கடைகள் நெருங்கிய சந்தொன்றில் நிற்கின்றன. பொதுவாக வழங்கும் படங்களில் இவையிரண்டும் தொடர்பற்ற இரு புள்ளிகளாகவே தோன்றும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் ஒளிருமாறு எம் படத்தில் இரண்டனையும் பிணித்துள்ளோம். கணிப்பொறி செய்யும் உதவிகளுள் இதுவே எமக்கு மிகவும் உவப்பானது. அச்சிட்ட படத்தால் இது இயலாது.

காலத்தைக் காட்டுதல் இன்னும் அரிது. சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடுவதை மதுரையார் அனைவரும் அறிவர். மாசியில் நிகழ்ந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்னும் வழக்காறு இதற்கு விடை கூறுகின்றது. இஃது உண்மையாயின், அவ்வீதிப்பெயர் மாறிய ஒரு நாட்காட்டியின் எச்சமாகும். எனவே ஒவ்வொரு பதிவிலும் இடத்தோடு ஆண்டையும், சான்றின் வகையையும் குறித்தோம். கல்வெட்டு, இலக்கியம், அரசு ஆவணம், செவிவழக்கு என்பன தனித்தனி நிறம் பெறும். மேற்கூறிய வழக்காறு செவிவழக்கின் நிறத்தையே பெற்றது.

இனி, எம்மை நெடுநாள் நிறுத்தியது சங்கத்துக் கூடல். திருமுருகாற்றுப்படை பரங்குன்றத்தைக் கூடலுக்கு மேற்கே வைக்கின்றது. இன்றைய கோயிலில் நின்று நோக்கினாலோ குன்றம் தென்மேற்கே உள்ளது. இவ்வொரு திசைக்குறிப்பைப் பற்றிக்கொண்டு, பழைய மதுரை இன்றைய நகருக்குத் தெற்கே இருந்ததென்று கொண்ட அறிஞர் உளர். புலவர் திசை கூறுங்கால் அளவைக்கருவி கொண்டு கூறார் என்று மறுத்தாரும் உளர். மதுரைக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தென்கிழக்கேயுள்ள கீழடியில் 2014-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு, வைகைக் கரையின் பழைய நகரவாழ்வை வெளிப்படுத்தியதேயன்றி இவ்வழக்கைத் தீர்த்துவிடவில்லை. மதுரைக்காஞ்சி கூறும் அகழியும் மதிலும் அங்காடியும் எவ்வெண்ணுக்குரிய இடத்தில் இருந்தன?

எளிதாய் ஒரு புள்ளியை இட்டிருக்கலாம். கோயிலின்மேல் இட்டால் எவரும் வினவியிரார். ஆயினும் படத்தில் ஏறிய புள்ளி படிகளாகப் பெருகும். சில ஆண்டுகளில் முதுகலை மாணவர் ஒருவர் அதனையே சான்றாகக் காட்டுவார். எம் தயக்கம் அவருக்குத் தெரியவாராது. ஆகலின் கூடலுக்குப் புள்ளி இடாது, இன்றைய நகரையும் அதன் தென்புறத்தையும் தழுவிய மெல்லிய நிழலொன்றைப் பரப்பி, அதனைத் தொடுவார்க்கு இருசாரார் வாதங்களும் ஒருங்கே தோன்றுமாறு அமைத்துள்ளோம். நிழலின் வடவெல்லையை வைகையோடு நிறுத்தலாமோ என்பது பற்றி எம்முள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.