உப்புத்தூவல் பெட்டியின் தரவரிசையும் முத்தியால்பேட்டைக் கடற்காற்றும்

துருத்தடுப்பு எண்ணெய்களையும் கிரீஸ்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. படலம் தடித்தால் பாதுகாப்பு கூடும். எனவே மெல்லிய எண்ணெயைவிடக் கிரீஸ் மேல், கிரீஸைவிட மெழுகு கலந்த பூச்சு மேல். உப்புத்தூவல் பெட்டிக்குள் முதல் துருப்புள்ளி தோன்ற எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கே இந்தத் தரவரிசைக்கு அடிப்படை. புதுச்சேரியின் வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் முத்தியால்பேட்டை போன்ற ஊருக்கு இந்த வரிசை பொருந்தாது என்பது என் வாதம். சில பயன்பாடுகளில் அது தலைகீழாகிறது என்று கருதவும் இடமிருக்கிறது.

முத்தியால்பேட்டையின் சோலை நகர்க் கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகு ஒன்றின் என்ஜினிலிருந்து கழற்றிய போல்ட்டைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அதன்மேல் கிரீஸ் கெட்டியாக, எங்கும் விலகாமல் இருந்தது. பழைய பனியன் துணியால் அதைத் துடைத்தபோது உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது. வளைவுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ரேகைக்கு வெளியே இரும்பு வெள்ளையாகவே இருந்தது. உப்பு வெளியிலிருந்து கிரீஸைத் துளைத்து வந்திருந்தால் துரு இந்த வடிவத்தில் விழுந்திருக்காது. பூசுவதற்கு முன்பே விரலின் வியர்வையோடு உப்பும் லாக்டிக் அமிலமும் இரும்பில் ஒட்டிவிட்டன. கிரீஸ் அவற்றின்மேல் மூடியாக உட்கார்ந்தது. ஒற்றை போல்ட்டை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. ஆயினும் கைரேகைத் துரு இயந்திரத் தொழிலில் நெடுநாள் அறிந்த சிக்கல். கைரேகைக் கறையை அகற்றுவதற்கென்றே தனி வகைத் துருத்தடுப்பு எண்ணெய்கள் உண்டு.

இனி உப்புத்தூவல் சோதனையையே கூர்ந்து பார்ப்போம். 1939இல் முதலில் வெளியான அமெரிக்கத் தர விதியான ஏஎஸ்டிஎம் பி117 இன்றும் அதற்கு அடிப்படை. எடையில் 5 விழுக்காடு சோடியம் குளோரைடு கரைசல். பெட்டியின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ். சேகரித்த கரைசலின் பிஎச் 6.5 முதல் 7.2 வரை, 80 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மணிக்கு 1 முதல் 2 மில்லிலிட்டர் வரை படியும் தூவல். தூவல் இடைவிடாமல் நடக்கும். எண்ணெய்ப் படலங்களைச் சோதிக்கும்போது தகட்டைக் கரைப்பானால் கழுவி, உலர்த்தி, விரல் படாமல் எடுத்துப் பூசுவார்கள். பொறியாளர்கள் இதைப் படிக்கும் முறை இப்படி: பெட்டியின் சூழல் கடற்கரையைவிடக் கடுமையானது, ஆகவே அங்கே தாக்குப்பிடித்தது இங்கேயும் தாக்குப்பிடிக்கும். இந்தப் படிப்பைத்தான் நான் மறுக்கிறேன். மறுப்பதற்கான முதல் ஆதாரம் அந்த விதியிலேயே உள்ளது: இயற்கைச் சூழலில் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதோடு இந்தச் சோதனையின் முடிவு, தனித்து எடுத்துக்கொண்டால், அரிதாகவே ஒத்துவந்திருக்கிறது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த எச்சரிக்கையைக் கடந்து மணிக்கணக்கை ஆண்டுக்கணக்காக மாற்றும் ஆய்வுகள் தாம் கையாளும் கருவியின் சொந்தச் சொல்லையே தள்ளிவிடுகின்றன.

துத்தநாகப் பூச்சு இதற்குத் தெரிந்த உதாரணம். திறந்தவெளியில் அது பல்லாண்டு காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்து அதன்மேல் அடர்ந்த கார்பனேட் படலத்தை உண்டாக்குவதே காரணம். பெட்டிக்குள் உலர்வு கிடையாது. படலம் உருவாக வழியில்லை. துத்தநாகம் விரைவில் கரைந்து தோற்கிறது. கடுமை கூடியதால் விளைந்த தோல்வி என்று இதைக் கொள்ள முடியாது. இரண்டு இடத்திலும் நடக்கும் வேதிவினையே வேறு. துத்தநாகத்தின் தரவரிசையே அங்கே புரண்டுவிடும் என்றால், எண்ணெயும் கிரீஸும் மட்டும் புரளாமல் நிற்கும் என்று நம்ப ஏதுமில்லை.

முத்தியால்பேட்டையில் காலையில் பனியும் மதியத்துக்கு மேல் கடற்காற்றும் வந்து போகும். கடல் உப்பு சோடியம் குளோரைடு மட்டுமல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. சோடியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தொட வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். புதுச்சேரிக் கரையில் ஈரப்பதம் அவ்வளவு தாழ்வது அபூர்வம். ஆகையால் கிரீஸுக்கு அடியில் சிக்கிய கடல் உப்பு, வெயில் அடிக்கும் நண்பகலிலும் நனைந்தே கிடக்கலாம். அந்த நீர்ப்படலமோ மிக மெல்லியது. பத்து முதல் நூறு மைக்ரான் அளவுப் படலத்தில்தான் ஆக்சிஜன் எளிதில் இரும்பை எட்டுகிறது, அரிப்பும் உச்சத்துக்குப் போகிறது. முழுக்க நனைந்த தகடு இந்த நிலையைக் காட்டுவதில்லை.

ஆனால் கிரீஸ் ஆக்சிஜனைத் தடுக்கிறதே என்பார்கள். தடுக்கவில்லை. சாதாரண வெப்பநிலையில் கனிம எண்ணெய் தன் கன அளவில் 8, 9 விழுக்காடு காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கரைப்பது சுமார் 2 விழுக்காடுதான். கூட்டுப்பொருள் ஏதும் சேராத கனிம எண்ணெய் துருவைத் தடுப்பதில் பலவீனமானது என்பது துறையில் எவரும் மறுக்காதது. உண்மையில் காப்பது, ஒரு முனையால் இரும்பைப் பற்றிக்கொண்டு மறுமுனையை எண்ணெய்ப் பக்கம் நீட்டி நிற்கும் மூலக்கூறுகள்: கால்சியம் அல்லது பேரியம் சல்போனேட், கம்பளிக் கொழுப்பின் எஸ்டர்கள், கொழுப்பு அமிலங்கள். இவை இரும்பில் போய் ஒட்ட வேண்டுமானால் இரும்பின்மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. கெட்டிக் கிரீஸ் தண்ணீரைத் தள்ளாமல் அதன்மேலேயே அமர்ந்துவிடுகிறது. கரைப்பான் கலந்த மெல்லிய எண்ணெய் அதற்கு அடியில் புகுந்து நீரை மேலே தூக்குகிறது. அட்லஸ் ஏவுகணைக்காக 1953இல் சான் டியேகோவில் உருவான டபிள்யூடி-40 இந்த நோக்கில்தான் பிறந்தது. நீரைத் தள்ளுவதில் அது வல்லது. மாதக்கணக்கில் தங்கிக் காப்பதில் இல்லை. எண்ணெயின் வெற்றியைக் கிரீஸின் தோல்வியாக நான் எழுதவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இழுவலைப் படகின் கம்பி ரோப்பை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளியும். வெளியே பூசிய கெட்டிக் கிரீஸ் வெளிப்புரிகளோடு நின்றுவிடும். உள்ளே தங்கிய கடல்நீருக்கு வெளியேற வழி அடைபடும். மேலே பளபளப்பு, உள்ளே பொடிந்த கம்பி. ரோப்பைப் பொறுத்தவரை உள்ளே ஊடுருவும் எண்ணெயே முதலில் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தாவர எண்ணெய்களிலும் இதே மணிக்கணக்கின் குறை தெரிகிறது. அவை ஒரே இனமாகச் சேர்த்துத் தள்ளப்படுகின்றன. காற்றில் காயும் தன்மையைக் காட்டும் அயோடின் எண் ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல். காற்றில் காய்ந்து தோலாக இறுகும். நல்லெண்ணெய் 100ஐச் சற்றுத் தாண்டும், அரைகுறையாகப் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் 10ஐ ஒட்டியே நிற்கும். காயவே காயாது, நாளடைவில் அமிலம் விடும். பித்தளை விளக்கில் பச்சைக் களிம்பு படிவது இந்த அமிலத்தால்தான். மூன்றையும் ஒரே மணிக்கணக்கில் நிறுத்துவது அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. கைத்தறி அச்சுக் கம்பியில் எண்ணெய் தொடும்போது வெள்ளை நூலில் கறை படியுமா என்பதும் தேர்வில் சேரும். அந்தக் கேள்வி எந்தப் பெட்டிக்கும் தெரியாது.

என் வாதத்துக்கு உண்மையான எல்லை ஒன்று உண்டு. அலை நேரடியாக மோதும் இடத்தில் மெல்லிய எண்ணெய் கழுவிப் போகும்; அங்கே கிரீஸுக்கும் மெழுகுக்கும் மாற்றில்லை. அந்த இடங்களில்கூட வேலைகளின் வரிசை முக்கியம் என்பேன். எண்ணெயில் உப்பு கரையாது. ஆகவே எந்த எண்ணெயும் உலர்ந்த உப்புப் பொடியை அகற்றாது. முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், பிறகு நீர்தள்ளும் எண்ணெய், அது வடிந்த பின் கிரீஸ். மூன்று வேலை செய்தால் செலவு கூடும் என்ற எதிர்வாதத்துக்குப் புதிய ரோப்பின் விலையைச் சொன்னாலே போதும்.

சோதனையை எப்படி மாற்றுவது என்பதே மிஞ்சும் கேள்வி. 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் கடலோர ஊரான மண்டபத்தில் திறந்தவெளித் தகடுகளை வைத்துப் பார்த்து வந்திருக்கிறது. நாட்டின் அரிப்பு வரைபடமும் அந்த வகை வேலையில் எழுந்ததே. மண்டபத்தில் கிடைத்த அரிப்பு அளவை முத்தியால்பேட்டைக்கு அப்படியே மாற்றக்கூடாது. கரையிலிருந்து சில நூறு மீட்டர் விலகினாலே படியும் உப்பு வெகுவாகக் குறையும். ஆகவே தகடுகளைச் சோலை நகர்க் கரையிலும் மேற்கே மகாத்மா காந்தி சாலையோரத்திலும் ஒரே நாளில் வைக்க வேண்டும். பாதித் தகடுகளைத் துப்புரவாகவும் மறுபாதியைக் கடல்நீரில் நனைத்து, விரல் பட விட்டும் பூச வேண்டும். அவற்றை ஐப்பசி மழைக்கு முன் வைத்துத் தைப் பனி கழிந்த பின் எடுக்க வேண்டும். துப்புரவான தகட்டில் பழைய வரிசை நிற்கும் என்றும் உப்புப்பட்ட தகட்டில் நீர்தள்ளும் எண்ணெய் கிரீஸை முந்தும் என்றும் நான் எதிர்பார்க்கிறேன். உப்புப்பட்ட தகட்டிலும் கிரீஸே முந்தினால் இந்தக் கட்டுரையின் மையவாதம் விழுந்துவிடும்.