கோடையில் வயலில் தங்குகிறவர்கள்

சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். "கோடையில உங்க வயல் சும்மாதானே கிடக்கும்? நாலு கூடாரம் அடிச்சு, பசங்களை ரெண்டு வாரம் தங்க வைக்கலாமா?" என்று கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் எங்க வயல் கோடையில சும்மா கிடக்காது. அங்கே ஏற்கெனவே ஆள் உண்டு. ராமநாதபுரத்து ஆட்டுக்கிடை.

கிடை போடுறதும் ஒரு முகாம் நடத்துற வேலைதான். எந்த வயலில் எத்தனை ராத்திரி என்று முன்கூட்டியே பேசணும். ஆட்டுக்கும் ஆளுக்கும் தண்ணி காட்டணும். அரிசி, எண்ணெய், செலவுக்குப் பணம் கொடுக்கணும். பக்கத்து வயலில் உளுந்து அறுக்காம நின்னா, அந்த வரப்புப் பக்கம் ஆடு போகாம பார்த்துக்கணும். போச்சுன்னா பஞ்சாயத்து நம்ம தலையிலதான் விடியும்.

சீர்காழிப் பக்கம் தை, மாசியில் சம்பா அறுப்பு. அந்த ஈரத்திலேயே உளுந்தும் பயறும் வளர்ந்து சித்திரைக்குள்ள வீட்டுக்கு வந்துடும். அப்புறம் ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் வயல் வெடிச்சுக் கிடக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதே சமயத்தில் கண்மாய்கள் காய்ஞ்சு, ஆட்டுக்கு மேய்ச்சல் இருக்காது. அவங்களுக்குப் புல் வேணும், நமக்குப் புழுக்கை வேணும். அதனால் கீதாரிகள் (கிடைக்குத் தலைவரை அப்படித்தான் சொல்வாங்க) கிடையை ஓட்டிக்கிட்டு புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று வடக்கே வருவாங்க. அந்தக் காலத்தில் முழுக்க நடை. இப்போ பாதி தூரம் லாரி.

ஆட்டுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழசு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்க. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதை வாங்கிக்கிட்ட இடையர் நாளொன்றுக்கு ஒரு உழக்கு நெய் அளக்கணும். சோழர் கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பேர். கிழடு ஆனாலும் செத்தாலும் குட்டியை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டணும், எண்ணிக்கை குறையக் கூடாது. கடன் கணக்கை எழுதுகிறவன் எவ்வளவு அழகாகப் பேர் வைக்கிறான் பாருங்க. ஆடு சாகாது, இடையனுடைய பொறுப்பும் சாகாது.

எங்க தாத்தா காலத்தில் கிடைக்குக் கூலி நெல்லாகத்தான். ராத்திரிக்கு இத்தனை மரக்கால் என்று பேச்சு. மூங்கில் படல் வச்சு அடைப்பாங்க, இப்போ நைலான் வலை. பச்சைக் குட்டிகளுக்குக் கொடாப்பு, அதாவது கவிழ்த்துப் போட்ட பெரிய கூடை. சாயங்காலம் ஆடு வந்து படுக்கும். நடுச்சாமத்தில் கீதாரி எழுந்து, படுத்திருக்கிற ஆட்டையெல்லாம் தட்டி எழுப்பி இடம் மாத்துவார். எழுந்ததும் ஆடு மூத்திரம் பெய்யும், அது வெடிப்பில் இறங்கும். வயல் முழுக்கச் சமமா எரு விழணும்னா இந்த வேலையைத் தூக்கம் பார்க்காம செய்யணும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ நாம ஏர் ஓட்டி மூடிடணும். வெயிலில் காய விட்டா சத்துப் பாதி காத்தோட போயிடும். 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்பாங்க. ஆட்டெரு போட்ட வயலின் பயிர் நிறத்தை வைத்தே எந்த மாவில் கிடை கிடந்தது என்று அப்பா சொல்லிடுவார்.

இந்த முகாம் எப்போ கலையணும் என்பதை முடிவு பண்றது நாங்களும் இல்லை, கீதாரியும் இல்லை. தண்ணிதான். மேட்டூர் அணை 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் முடிந்தது. அதுக்கு முன்னாடி குடகில் மழை பெய்தால் ஆத்தில் தண்ணி; வானத்தைப் பார்த்துத்தான் கிளம்பணும். அணை வந்த பிறகு ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்று தேதி வழக்கமாச்சு. எங்க ஊர் கடைமடை, அதனால திறந்த பிறகும் சில நாள் கிடைக்கும். அந்தச் சில நாள்தான் கீதாரிக்கு மூட்டை கட்ட நேரம்.

அந்தத் தேதியும் நிற்கலை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் திறக்கவே முடியலை. 2022-ல் தலைகீழ், மே 24-லேயே திறந்துட்டாங்க. எங்களுக்குச் சந்தோஷம். ஆனா மூணு வயல் பாக்கி இருக்கும்போதே கிடை கிளம்ப வேண்டியதாப் போச்சு, பேசின பணத்தில் பாதிதான் கீதாரி கைக்கு. 2024-ல் ஜூலை 28. தண்ணி லேட்டா வந்தா கிடைக்காரருக்கு லாபம்னு நினைக்காதீங்க. குறுவை உண்டா இல்லையா என்று தெரியாத விவசாயி கிடைக்குக் காசு எடுக்க மாட்டான்.

இன்னொரு பக்கம் மூட்டை உரம். 1960-ல் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தொடங்கினபோது, நாட்டிலேயே முதலில் எடுத்த ஏழு மாவட்டத்தில் தஞ்சாவூரும் ஒண்ணு. எங்க ஊர் அப்போ அந்த மாவட்டத்தில்தான். உரமும் விதையும் கடனும் சொசைட்டி வழியா வீட்டு வாசலுக்கு வந்தது. தாத்தா கிடையை விடலை, ஆனா பாதியாக் குறைச்சார். இப்போ பம்புசெட் உள்ளவங்க சித்திரையிலேயே குறுவைக்கு நாத்து விடுறாங்க, சிலர் பருத்தி போடுறாங்க. வெறும் வயல் வருஷா வருஷம் சுருங்குது.

இதுவரைக்கும் படிச்சவங்களுக்குக் கிடை மேல ஆசை வந்திருக்கும். எழுதுற எனக்கும் வருது. ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா இந்தக் கதை பொய்.

எனக்குப் பதினோரு வயசு இருக்கும். அந்த வருஷம் வந்த கிடையில் என் வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன், கீதாரிக்கு உறவு இல்லை. ராத்திரி கொடாப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரிச்சுப் படுப்பான். நான் கஞ்சி கொண்டு போவேன். ஒரு நாள் ரோட்டில் நின்ன பஸ்ஸைக் காட்டி, "போர்டுல என்ன எழுதியிருக்கு, பட்டுக்கோட்டைக்கா?" என்று கேட்டான். சிதம்பரம் என்றேன். அடுத்த பஸ்ஸுக்கும் கேட்டான். வீட்டில் அப்பாகிட்ட சொன்னேன். "அவங்க அப்பன் வாங்கின கடனுக்கு இருக்கான். நமக்கு எதுக்குப்பா" என்றார்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. அது வந்து அப்போ இருபது வருஷம். டெல்டாவில் கிடைகளிலிருந்து இப்படிச் சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்தி பிற்பாடும் பலமுறை வந்திருக்கு. அந்தப் பையன்களில் பலர் நம்ம டெல்டாக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். எங்க அப்பா நல்ல மனுஷர். ஆனா அந்த வருஷம் அந்த வயலில் நல்ல விளைச்சல், அதை நாங்க சாப்பிட்டோம்.

நான் வயலை எடுத்து நடத்த ஆரம்பிச்ச பிறகு, கூலி பேசுறதுக்கு முன்னாடி ஒரே கேள்விதான்: "பையன் யாரும் உண்டா?" ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனார். ஒருத்தர் மழுப்பினார், அவரை நான் போகச் சொன்னேன். அந்த வருஷம் கிடை இல்லாமலே நட்டேன். இப்போ வர்ற பெரியவர் தன் மனைவியோடும் மருமகனோடும் வர்றார். ஆளைக் குறைச்சதால ஆட்டையும் குறைச்சிருக்கார், முந்நூறுதான். ராத்திரிக் கூலி கொஞ்சம் கூடக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

சென்னை நண்பருக்கு, கூடாரத்துக்கு இடம் இல்லை, வேணும்னா பசங்க ஒரு ராத்திரி கிடையில் வந்து படுக்கட்டும் என்று சொல்லியிருக்கேன். நடுச்சாமத்தில் எழுப்பி விடுவார் என்றும் சொன்னேன்.

பெரியவர் நேத்து கமுதியிலிருந்து போன் பண்ணினார். சௌக்கியமா என்று கூடக் கேட்கலை.

"தம்பி, மேட்டூர்ல இன்னிக்கு எத்தனை அடி நிக்குது?"