பழைய காருக்கு இரண்டு கணக்கு

நம் குடியிருப்பில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது இரண்டு விஷயங்கள்: விலை என்ன, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? நம் நாட்டுக் கார்களின் வரலாற்றைப் பார்த்தால் வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியம் என்று தெரிகிறது. வண்டி அடிக்கடி நின்றுபோகுமா? நின்றால் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இவை தனித்தனிக் கணக்குகள். ஒரே பேரேட்டில் கலந்து எழுதக் கூடாது.

1980 வாக்கில் இந்தியர் ஒருவர் வாங்கக்கூடிய கார்கள் மிகக் குறைவு. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய காருக்கும் நல்ல கிராக்கி இருந்தது.

அன்றைய ராஜா அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடிப்படையாகக் கொண்டு 1957-இல் வந்த இந்த வண்டி, கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. இன்றைய அளவுகோலில் அதை நம்பகமான கார் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் நன்றாகக் குடிக்கும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாததால், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி. பாகங்களும் எங்கும் கிடைத்தன. நம்பகத்தன்மை குறைவு, பராமரிப்பு எளிது. பம்பாயின் பிரீமியர் பத்மினியும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

நம் சென்னைக்கும் ஒரு சொந்தக் கார் இருந்தது. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. பிறகு கேசல் வந்தது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் காரின் அழகான உடலும் பழைய காலத்து எஞ்சினும் கொண்டது. அதன் உற்பத்தி 1988-லேயே நின்றது. தயாரிப்பு நின்றபின், வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், ஒரு பாகத்துக்காக ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்குவது உரிமையாளரின் தலையெழுத்தாகிவிடுகிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். சின்ன வண்டி, ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. கூடவே ஊர் ஊராக சர்வீஸ் நிலையங்களும் பெருகின. இரண்டு கணக்கிலும் ஒரே வண்டி தேறியது அப்போதுதான். செகண்ட் ஹேண்டில் அது பல ஆண்டுகள் விலை போனதன் ரகசியம் இதுவே.

அதற்குப் பின்னும் பாடம் முடியவில்லை. 1990-களில் ஆர்ப்பாட்டமாக வந்த தேவூ சில ஆண்டுகளில் காணாமல் போனது. 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. இப்படிப்பட்ட வண்டிகள் மோசமானவை அல்ல. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் பாகம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு காரின் விலை 2,20,000 ரூபாய். வருடப் பராமரிப்பு 45,000. ஐந்தாண்டு கழித்து விற்றால் 40,000 வரும். மொத்தச் செலவு 4,05,000. இன்னொன்றின் விலை 3,00,000, பராமரிப்பு 18,000, விற்றால் 1,20,000. மொத்தம் 2,70,000. வாங்கும்போது 80,000 மலிவாகத் தெரிந்த வண்டி, முடிவில் 1,35,000 கூடுதலாக விழுங்கியிருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் அதே மாடலின் கிளட்ச், ஏ.சி. கம்ப்ரசர், ஹெட்லைட் மூன்றுக்கும் கடையில் விலை கேளுங்கள். பாகம் வர எத்தனை நாள் என்றும் கேளுங்கள். சர்வீஸ் பில்களை வாங்கிப் பாருங்கள். ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள்: 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

நம்பகமான மெக்கானிக் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். அடுத்து கார் வாங்கும் அண்டை வீட்டாருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.